சிவப்பு மை போலீஸ்

உங்களுக்கு ஒரு சின்ன டெஸ்ட். நாவல் எழுதுகிறவரின் தலையாய வேலை எது? (அ) கதையை யோசிப்பது. (ஆ) மனிதர்களை உயிரோடு நடமாட விடுவது. (இ) ‘அதைப் பார்த்தேன்’ என்பதில் மறக்காமல் ‘ப்’ போடுவது.

சிரிக்காதீர்கள். விடை (இ) என்று மனப்பூர்வமாக நம்புகிற ஒரு கூட்டம் தமிழ்ப் பதிப்புலகில் இருக்கிறது. சிவப்பு மைப் பேனாவோடு நிற்கிற போலீஸ் இவர்கள். சந்திப் பிழையைப் பிடிக்கிறவர்கள் என்பதால் சந்தியிலேயே நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையெழுத்துப் பிரதி வந்தால் முதல் பக்கத்தில் எத்தனை பிழை என்று எண்ணுவார்கள். ஏழெட்டைத் தாண்டினால் வண்டியை ஓரம் கட்டிவிடுவார்கள். இரண்டாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ‘தமிழே தெரியாதவன் தமிழ்ல நாவல் எழுத வந்துட்டான்’ என்று ஒரு வரித் தீர்ப்பு. கேஸ் முடிந்தது.

பிழையில்லாமல் தமிழ் அச்சாக வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. காசு கொடுத்து வாங்குகிற புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் தப்பு இருந்தால் எனக்கும் கோபம் வரும். ஆனால் புத்தகத்தில் இருக்கக் கூடாத பிழை கையெழுத்துப் பிரதியிலும் இருக்கக் கூடாது என்பது என்ன நியாயம்? நான் பி.காம். படித்தவன். எங்கள் படிப்பில் டிரையல் பேலன்ஸ் என்று ஒன்று உண்டு. பற்றும் வரவும் சமமாக வருகிறதா என்று போட்டுப் பார்ப்பது. சமமாக வராவிட்டால் தப்பு எங்கே என்று உட்கார்ந்து தேடுவோம். அதற்காகக் கடையை இழுத்து மூடச் சொல்ல மாட்டோம்.

இந்த போலீஸிடம் அதிகமாக அடி வாங்குகிறவர்கள் யார் என்பதுதான் இந்த வாரம் நான் பேச வந்த விஷயம். டிஸ்லெக்சியா, ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. என்கிற பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நோய், குறை என்றே இவற்றைப் பார்க்க வேண்டியதில்லை, மூளை வேறு மாதிரி வேலை செய்கிறது அவ்வளவுதான் என்று தொண்ணூறுகளின் கடைசியில் மேல்நாட்டில் ஒரு வாதம் கிளம்பியது. அப்படிப்பட்டவர்களை ‘நியூரோடைவர்ஜென்ட்’ என்கிறார்கள். பெயர் வாயில் நுழையவில்லையா, விட்டுவிடுங்கள். ‘மாத்தி யோசிக்கிற மண்டை’ என்று வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை. சினிமாவில் இவர்களைப் பார்த்து நாம் அழுதிருக்கிறோம். 2007-ல் ஆமிர்கானின் ‘தாரே ஜமீன் பர்’ வந்தபோது தியேட்டரில் கர்ச்சீப் நனையாதவர்கள் குறைவு. அந்தப் படத்துப் பையன் ஓவியம் வரைந்ததால் தப்பித்தான். வளர்ந்து நாவல் எழுதியிருந்தால் என்ன ஆகியிருப்பான்?

சொல்கிறேன். அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி ரோட்டில் போனால் பந்தல்குடி. எங்கள் பக்கம். அதே ரோட்டில் இன்னும் கொஞ்சம் போனால் எட்டயபுரம், பாரதி பிறந்த ஊர். இந்தப் பக்கம் திரும்பினால் திருச்சுழி, ரமண மகரிஷி பிறந்த ஊர். எங்கள் ஊரில் மகான்கள் யாரும் பிறந்ததாகத் தெரியவில்லை. சுண்ணாம்புக்கல் பிறக்கிறது. சிமென்ட்டுக்காக வெட்டி எடுத்துப் போகிறார்கள். மிச்சம் இருப்பது கரிசல் காடு, சீமைக்கருவேலம், வானம் பார்த்த விவசாயம். அந்த ஊர்த் தம்பி ஒருவர், வயது முப்பது, லாரி புக்கிங் ஆபீஸில் வேலை, ஒரு நாவல் எழுதியிருக்கிறார். குவாரி வேலைக்குப் போகிற அப்பா, கரிமூட்டம் போடுகிற அம்மா, இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சில்லாத ஒரு வீடு.

கரிமூட்டம் போடுவது எப்படி என்று நகரத்தில் இருக்கிற உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கருவேல விறகை அடுக்கி, இலைதழை போட்டு, மண் பூசி மூடி, உள்ளே நெருப்பு வைத்து, ராப்பகலாகக் காவல் இருக்க வேண்டும். காற்று அதிகம் புகுந்தால் எல்லாம் சாம்பல். புகுராவிட்டால் நெருப்பு செத்துவிடும். வெளியே வருகிற புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே இருப்பது விறகா கரியா என்று சொல்லிவிடுவார்கள். தம்பியின் நாவலில் அந்த அம்மா புருஷனின் பீடிப் புகையைப் பார்த்து அவன் மனசில் என்ன வேகிறது என்று கண்டுபிடிப்பாள். இருபது வருஷமாகப் பேப்பரில் எழுதுகிறவன் நான். எனக்கு அப்படி ஒரு வரி வாய்க்கவில்லை.

இந்தப் பிரதியை அவர் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. முதல் பத்துப் பக்கம் முழுக்கச் சிவப்பு. ‘வத்தல்’ என்று எழுதியிருந்த இடமெல்லாம் ‘வற்றல்’ ஆகியிருந்தது. (எங்கள் ஊர்க் கடையில் போய் ‘ஒரு கிலோ மிளகாய் வற்றல்’ கேட்டுப் பாருங்கள். ஏதோ சித்த மருந்து கேட்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.) கடைசியில் ஒரு குறிப்பு: ‘முதலில் தமிழ் கற்றுக்கொண்டு பிறகு எழுதவும்.’

தம்பிக்கு டிஸ்லெக்சியா. பள்ளிக்கூடத்தில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ‘மக்கு’ என்று சொன்னார்கள். இருபத்தேழு வயதில்தான் மதுரையில் ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டார். “ஒரு வாட்டி திருத்திட்டு அனுப்பியிருக்கலாமே தம்பி” என்று நான் கேட்டபோது அவர் சொன்ன பதிலைத்தான் எல்லா எடிட்டர்களும் எழுதி மேஜையில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

“பதினோரு வாட்டி திருத்துனேண்ணே. நான் எழுதுனத நான் வாசிச்சா, தாள்ல இருக்குறது கண்ணுக்குத் தெரியாது. நான் நெனச்சதுதான் தெரியும்.”

இதற்குப் பெயர் சோம்பேறித்தனமா? அக்கறையின்மையா? பதினோரு தடவை ஒரு நாவலைப் படித்துத் திருத்திய எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? ‘ஒரே ராத்திரியில எழுதி முடிச்சேன், ஒரு வரிகூட மாத்தலை’ என்று மேடையில் பெருமை அடித்துக்கொள்கிறவர்களுக்குக் கைதட்டுகிற ஊர் இது.

நம்முடைய எழுத்தையும் கொஞ்சம் பாருங்கள். ‘கொ’ என்று எழுத முதலில் கொம்பு போட வேண்டும், அப்புறம் ‘க’, அப்புறம் கால். ஆனால் வாய் முதலில் சொல்வது ‘க்’. கண் ஒரு வரிசையில் போகிறது, காது வேறு வரிசையில் போகிறது. பழகிய நமக்கு இது உறைப்பதில்லை. ல, ள, ழ ஒரு பக்கம். ந, ன, ண இன்னொரு பக்கம். இதற்கு மேல், வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் எழுதுவது வேறு தமிழ். ‘வந்துக்கிட்டு இருக்காக’ என்று காதில் கேட்டதை ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று கையால் எழுத வேண்டும். எழுத்து குழம்புகிற மண்டைக்கு இது டபுள் டியூட்டி.

‘எழுத்து என்பது புனிதமானது, அதில் சமரசம் கிடையாது’ என்று யாராவது ஆரம்பித்தால் அவர்களுக்கு 1978-ஐ ஞாபகப்படுத்துங்கள். அந்த வருஷம்தான் பெரியார் சொன்ன எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு ஏற்று ஆணை போட்டது. அதற்கு முன்னால் ‘லை’, ‘ணை’, ‘றா’ எல்லாம் வேறு உருவத்தில் இருந்தன. நேற்றுவரை தப்பு என்று அடித்த வடிவம் மறுநாள் சரி. அதற்கும் முன்னால், பதினெட்டாம் நூற்றாண்டில், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் கொம்பை வேறுபடுத்தி எழுத வழி செய்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். மொழி அப்போதெல்லாம் செத்துப்போகவில்லை. பந்தல்குடிக்காரர் ஒருவர் ‘ள’வுக்குப் பதில் ‘ல’ போட்டதால் இப்போது செத்துவிடுமா?

ஜான் இர்விங் என்று ஓர் அமெரிக்க நாவலாசிரியர். 1978-ல் ‘தி வேர்ல்ட் அக்கார்டிங் டு கார்ப்’ எழுதி உலகப் புகழ் பெற்றவர். பள்ளியில் நாலு வருஷப் படிப்பை ஐந்து வருஷத்தில் முடித்தார். இங்கிலீஷில் மார்க் சுமார். அவருக்கு டிஸ்லெக்சியா இருக்கிறது என்பது, பிற்பாடு அவருடைய மகனுக்கு அது இருப்பதைக் கண்டுபிடித்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. அந்தக் குறையால் தனக்கு ஒரு லாபம் என்கிறார் அவர். மற்றவர்கள் ஒரு தடவை படிப்பதைத் தான் மூன்று தடவை படிக்க வேண்டியிருந்ததால், திரும்பத் திரும்ப ஒரே பக்கத்தைப் பார்ப்பது சலிக்காமல் போய்விட்டது. எழுதுவதைவிடத் திருத்தி எழுதுவதுதான் அவருக்குப் பெரிய வேலை. ஆக்டேவியா பட்லர் என்ற கறுப்பின எழுத்தாளருக்கும் டிஸ்லெக்சியா. 1995-ல் மக்ஆர்தர் ஃபெல்லோஷிப் வாங்கினார். அறிவியல் புனைகதை எழுத்தாளர்களில் அதை முதலில் வாங்கியவர் அவர்தான்.

அவர்கள் ஜெயித்தார்களே, நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று கேட்பீர்கள். ஒரே ஒரு வித்தியாசம். அந்த ஊரில் பிரதிக்கும் புத்தகத்துக்கும் நடுவில் எடிட்டர், காப்பி எடிட்டர், புரூஃப் ரீடர் என்று மூன்று பேர் மூன்று வேலை பார்க்கிறார்கள். இங்கே பல இடங்களில் புரூஃப் பார்க்கிறவர் மட்டும்தான். எடிட்டர் செய்ய வேண்டிய வேலையையும் அவர் கையிலேயே கொடுத்தால், கையில் இருக்கிற சுத்தியலுக்கு எல்லாமே ஆணியாகத்தான் தெரியும்.

திருத்துவது என்பதும் எல்லா மண்டைக்கும் ஒரே வேலை இல்லை. டிஸ்லெக்சியாக்காரருக்குப் படித்துப் பார்ப்பதால் பிரயோஜனம் குறைவு. வேறொருவர் சத்தமாக வாசித்தால் தப்பு எங்கே என்று டக்கென்று காதில் விழும். ஏ.டி.எச்.டி. உள்ளவர் முதல் அத்தியாயத்தை முப்பது தடவை மெருகேற்றியிருப்பார், கடைசி அத்தியாயத்தைத் தொட்டிருக்கவே மாட்டார். அவருக்கு வேண்டியது ‘இந்த வாரம் அத்தியாயம் ஒன்பது மட்டும்’ என்று சின்னச் சின்னதாகக் கெடு வைத்து, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணிக் கேட்கிற ஓர் ஆள். ஆட்டிசம் உள்ளவரிடம் போய், ‘ரெண்டாம் பகுதியில இன்னும் கொஞ்சம் உயிர் வேணும் சார்’ என்று நம் எடிட்டர்கள் வழக்கமாகச் சொல்கிற பொன்மொழியைச் சொன்னால் அவர் என்ன செய்வார்? எந்தப் பக்கம், எந்த வரி, என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். யோசித்துப் பாருங்கள், அப்படிச் சொல்ல முடியாத எடிட்டருக்குத் தான் என்ன சொல்கிறோம் என்று தெரியுமா? எல்லா எழுத்தாளருக்குமே அப்படித்தானே சொல்ல வேண்டும்?

இன்னொருவர் வாசித்துக் காட்டி, இன்னொருவர் எழுதி, அப்புறம் எழுத்தாளர் என்று தன் பேரைப் போட்டுக்கொள்வதா என்று முகம் சுளிக்கிறார்கள் சிலர். உ.வே.சாமிநாதய்யரின் ‘என் சரித்திரம்’ 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக வர ஆரம்பித்தது. அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எப்படிக் காவியம் செய்தார் என்று அதில் இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். அந்தப் புராணங்களை எழுதியது ஏடு பிடித்த மாணவன் என்று யாராவது சொன்னோமா? எழுத்தாணி யார் கையில் இருந்தது என்று பார்த்தா மகாவித்துவான் பட்டம் கொடுத்தோம்?

அரங்கேற்றம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அது என்ன? எழுதியதைச் சபையில் வாசிப்பார்கள். கேட்கிறவர்கள் ‘இது எப்படிப் பொருந்தும்’ என்று மடக்குவார்கள். புலவர் பதில் சொல்வார். கண்ணால் பிழை பார்க்கிற புரூஃப் ரீடர் வருவதற்குப் பல நூறு வருஷங்களுக்கு முன்னால் காதால் எடிட் பண்ணிய சமூகம் இது. தொல்காப்பியமே அப்படித்தான் அரங்கேறியது என்று அதன் பாயிரம் சொல்கிறது. அந்த வழக்கத்தைத் தொலைத்துவிட்டு, காதால் திருத்துகிறவனைப் பார்த்து ‘தமிழ் கற்றுக்கொண்டு வா’ என்கிறோம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். டிட்டோ முகோபாத்யாய் என்ற இந்தியச் சிறுவனின் கதை இரண்டாயிரத்தில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 1989-ல் பிறந்தவர். தீவிர ஆட்டிசம். பேச்சு மிகவும் சிரமம். அம்மா சோமா பென்சிலை ரப்பர் பேண்டால் கையில் கட்டி எழுதப் பழக்கினார். எட்டு வயதிலிருந்து பதினோரு வயதுக்குள் அவர் எழுதியவை 2000-ல் இங்கிலாந்தில் புத்தகமாக வந்தன. அதில், நகர முடியாத, பேச முடியாத, ஆனால் மனம் மட்டும் உள்ள ஒரு மரத்தின் கதை உண்டு. டிட்டோ தன் கையாலேயே எழுதுவதைப் பலர் நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அவருடைய அம்மா அமெரிக்கா போய் மற்றக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறையை அமெரிக்கப் பேச்சு, கேட்பியல் நிபுணர்களின் சங்கம் 2018-ல் பரிந்துரைக்க மறுத்தது. உதவி செய்கிறவரே தனக்குத் தெரியாமல் எழுத்தைக் காட்டிக் கொடுத்துவிடுகிற ஆபத்து இருக்கிறது என்பது காரணம். நியாயமான சந்தேகம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் வாய்விட்டுச் சொல்கிற மனிதர் சொன்னதை ஒருவர் எழுதுவதும், எழுதியதை அவருக்கே திரும்ப வாசித்துக் காட்டுவதும் வேறு. அங்கே ‘யார் எழுதியது’ என்ற கேள்விக்கே இடமில்லை.

இதை நம் சுப்ரீம் கோர்ட்டே ஏற்றுக்கொண்டிருக்கிறது, பரீட்சை விஷயத்தில். விகாஷ் குமார் என்பவருக்குக் கையால் எழுதுவதில் கோளாறு. சிவில் சர்வீசஸ் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று கேட்டார். நாற்பது சதவீத ஊனம் இருந்தால்தான் தருவோம் என்றார்கள். டாக்டர்கள் அளந்து பார்த்தது 6 சதவீதம். சதவீதத்தைக் காட்டி உதவியை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு, டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாடும் உண்டு. (ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. அது வேறு வழக்கு.) நம் மாநிலத்தில் பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதல், எழுத ஓர் ஆள், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு எல்லாம் உண்டு. விலக்கு கிடைத்தால் நகரத்து இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் எந்த மொழியை விடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். தமிழ் எழுதச் சிரமப்படுகிற குழந்தைக்கு நாம் கண்டுபிடித்த வைத்தியம், தமிழையே எழுத வேண்டாம் என்பது!

பதினேழு வயதோடு இந்தக் கருணையும் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் அதே பையன் தமிழில் நாவல் எழுதினால் அவனுக்குக் கூடுதல் நேரமும் இல்லை, எழுத ஆளும் இல்லை. சிவப்பு மை மட்டும் உண்டு.

செலவு ஆகுமே என்பார்கள் பதிப்பாளர்கள். கணக்குப் போடுவோம், அது என் டிபார்ட்மென்ட். முந்நூறு பக்க நாவல், சுமார் அறுபதாயிரம் சொல். மணிக்கு ஐயாயிரம் சொல் வாசித்தால் பன்னிரண்டு மணி நேரம். இரண்டு தடவை வாசித்தால் இருபத்துநாலு. மூன்று வேலை நாள். ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் பொன்னாடைக்கும் மலர்ச்செண்டுக்கும் ஆகிற செலவை எடுத்து வையுங்கள், ஓர் ஆளுக்கு அந்த மூன்று நாள் கூலியைக் கொடுத்துவிடலாம். எழுத்தாளர் தன் குரலில் பதிவு செய்து அனுப்பினால் கேட்டுப் பார்ப்போம் என்று ஒரே ஒரு பதிப்பகமாவது அறிவிக்கட்டுமே.

செல்போனில் பேசினாலே தமிழில் டைப் ஆகிறதே, கூகுள் 2017-லேயே கொண்டுவந்துவிட்டதே, ‘வாணி’ மாதிரி பிழைதிருத்தி மென்பொருள் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தம்பியும் பயன்படுத்துகிறார். ஆனால் ‘அவுக வந்தாக, இருந்தாக, போனாக’ என்று அவர் பேசினால் மெஷின் அதைத் தனக்குத் தெரிந்த தமிழுக்கு இழுக்கிறது. கரிசல் காட்டுக் கிழவி திடீரென்று செய்தி வாசிக்க ஆரம்பித்துவிடுகிறாள். இதே கரிசல் பேச்சுக்காக கி.ராஜநாராயணன் தனியாக ஓர் அகராதியே போட்டார், 1982-ல். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காத அந்த மனுஷருக்கு 1991-ல் சாகித்ய அகாடமி கொடுத்தோம். அவர் முதல் கதையை இன்றைக்கு, பெயர் போடாமல், நம் போலீஸிடம் கொடுத்துப் பார்த்தால் என்ன கிடைக்கும்? எனக்குத் தெரிந்து ‘வற்றல்’ கிடைக்கும்.

தம்பியின் நாவலை இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு ரிட்டயர்டு தமிழாசிரியை சத்தமாக வாசித்துக் காட்டுகிறார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். “நிறுத்துங்க டீச்சர், அந்த எடத்துல ஒரு மூச்சு கூட இருக்கு” என்கிறார். டீச்சர் வரியை வெட்டுகிறார். ‘ள’, ‘ழ’வை எல்லாம் கேட்காமலேயே சரிபண்ணிவிடுகிறார், அது அவருக்கு அரை நிமிஷ வேலை. ‘வத்தல்’ வத்தலாகவே இருக்கிறது.

எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். பதினேழாம் அத்தியாயத்தில் கரிமூட்டத்துக்குப் பக்கத்திலேயே அந்த அம்மா செத்துப்போகிறாள். அது சினிமாத்தனமாக இருக்கிறது, பக்கம் 211-ல் கடைசி மூன்று பத்தியை எடுத்துவிடலாம் என்று நான் எழுதினேன். ‘முடியாதுண்ணே, நீங்க புகையப் பாக்கல’ என்று வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது. டீச்சர் அவர் பக்கம். சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.